யார் சொன்னது? – இதழியல் துறையில் இரண்டு வருடம்

இதழியல் முதுகலையில் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம்.

பள்ளி நாளிலிருந்தே கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அன்று சார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒரு நூலகத் திறப்பு விழாவுக்கான பத்திரிகைக் குறிப்பு. நாற்பது நிமிடத்தில், இருநூறு சொல்லில், செய்தியாக எழுத வேண்டும். முப்பது நிமிடத்திலேயே முடித்துவிட்டேன். முதல் வரியில் புத்தக வாசனை, கடைசி வரியில் அறிவுச்சுடர். முதல் ஆளாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

படித்துவிட்டுச் சொன்னார்: "அழகா எழுதியிருக்கம்மா. எல்லாமே தப்பு."

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை விழா என்று இருந்தது. அந்த மாதம் 17 வியாழன். சுவரில் காலண்டர் தொங்கியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொதுப் பிரிவில் 31,000 புத்தகம், குழந்தைகள் பிரிவில் 12,000, ஆய்வுப் பிரிவில் 8,000, ஆக மொத்தம் 53,000 என்று போட்டிருந்தது. கூட்டினால் 51,000. சிறப்பு விருந்தினர் பெயர் முதல் பத்தியில் ஒரு மாதிரி, மூன்றாம் பத்தியில் வேறு மாதிரி. இப்படி ஏழு பிழைகளை அவரே விதைத்திருந்தார். வகுப்பில் யாரும் மூன்றுக்கு மேல் கண்டுபிடிக்கவில்லை. நான் ஒன்றுகூட இல்லை. எனக்குத்தான் நடை அழகில் கவனமாயிற்றே.

"கூட்டிப் பார்த்தியா?"

"அவங்களே மொத்தம் போட்டுக் கொடுத்திருக்காங்களே சார்."

"அவங்க கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் குடுக்க நீ என்ன தபால்காரியா?"

'நாட்டிலேயே மிகப் பெரிய நூலகம்' என்று குறிப்பில் இருந்ததை நான் அப்படியே என் முதல் வரிக்குத் தூக்கியிருந்தேன். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: யார் சொன்னது? அடுத்த இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என் தாள்களில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. பத்திரிகைக்காரர் ஆக இதழியல் படிக்க வேண்டுமா, நேராக ஒரு அலுவலகத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டால் போதாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளி தொடங்கியபோதே, செய்தி எழுதுவதை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சிரித்தவர்கள் உண்டு. அதைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிக்கே போகாதவர், அச்சகத்தில் எடுபிடிப் பையனாக வேலையை ஆரம்பித்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். வகுப்பு தொடங்கிய அதே நாளில், 1908 செப்டம்பர் 14 அன்று, மாணவர்கள் தயாரித்த நாளிதழின் முதல் இதழையும் அவர் கொண்டுவந்துவிட்டார். ஊருக்கான உண்மையான பத்திரிகை அது. ஆசிரியர் குழுவில் பேராசிரியர்கள், நிருபர்கள் மாணவர்கள். மருத்துவம் படிப்பவருக்கு நிஜ நோயாளி வேண்டும் என்பதுபோல, நிருபராகப் படிப்பவருக்கு நிஜ வாசகர் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதே நாட்டின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி, பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற கொடையில், அவர் இறந்த மறு வருடம் 1912இல் திறந்தது. உலகத்தில் பல இதழியல் துறைகள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைப் பார்த்துப் போட்ட கோலம்தான்.

எங்கள் துறையிலும் வாரம் ஒரு பயிற்சி இதழ். எட்டுப் பக்கம். பெயருக்குத்தான் பயிற்சி, வெளியிலும் வினியோகம் உண்டு. வியாழன் மாலை ஆறு மணி டெட்லைன். ஆறு ஐந்துக்கு வந்த காப்பியை, அதாவது எழுதிக் கொடுத்த செய்தியை, படிக்காமலே குப்பைக்கூடையில் போடுவார். முதல் மாதம் இரண்டு பேர் அழுதார்கள், இரண்டாவது மாதம் எல்லாரும் ஐந்தரைக்கே கொடுத்தோம். வகுப்பில் நடத்திய தொடர்பியல் கோட்பாடுகளில் இன்று எனக்கு ஞாபகம் இருப்பது சொற்பம். அந்த அறையின் டியூப்லைட் எப்போது மினுக்கும் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

இன்ட்ரோ எனும் முதல் பத்தி எழுதுவது, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி, தலைகீழ்ப் பிரமிடு எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். முக்கியமானதை முதலில் சொல்லிக் கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி நிற்கும்படி எழுதுவது, அவ்வளவுதான். அதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. பல்கலைக்கழகம் எனக்குச் செய்த பெரிய உதவி, சில சொற்களைப் பிடுங்கிக்கொண்டது.

எங்கள் செய்தியறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பு, 'நாடு கடத்தப்பட்டவை'. அதில் முதலிடம் 'பரபரப்பு'. ஒரு சாலை விபத்துச் செய்தியை 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது' என்று முடித்திருந்தேன். சார் கூப்பிட்டார்.

"பரபரத்தது யாரு?"

"மக்கள் சார்."

"எத்தனை பேரு? நீ பார்த்தியா?"

"இல்ல சார். சும்மா... முடிக்கிறதுக்காக."

"செய்தி முடிஞ்சா நிறுத்து. எதுக்கு வாலு?"

அடுத்து 'மர்ம நபர்கள்'. முகமூடி போட்டிருந்தார்களா, இல்லை அடையாளம் தெரியவில்லையா? தெரியவில்லை என்றால் அடையாளம் தெரியாதவர்கள் என்று எழுது. அப்புறம் 'சோகத்தை ஏற்படுத்தியுள்ளது', 'பல்வேறு தரப்பினரும்', 'சமூக ஆர்வலர்கள் கோரிக்கை'. இந்தக் கடைசி ஆளை நான் மூன்று முறை பயன்படுத்தியிருந்தேன். மூன்று முறையும் அந்த ஆர்வலர் நான்தான்.

ஆனால் அவர் உண்மையில் மூர்க்கமாக வேட்டையாடியது 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது' மூன்றையும்தான். தமிழில் செய்தி எழுதுபவருக்கு இவை பெரிய வசதி. ஆளே இல்லாமல் வினை நடந்துவிடும். 'கடன் தொல்லையால் தற்கொலை செய்துகொண்டதாகக் கூறப்படுகிறது' என்று எழுதினால், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போகிறபோக்கில் சொன்னது, அடுத்த நாள் காலை ஊரறிந்த உண்மையாகிவிடும். கேட்டால், 'நாங்க சொல்லலையே, கூறப்படுகிறதுன்னுதானே போட்டோம்' என்று கையை விரிக்கலாம். சார் ஒரு விதி வைத்தார்: 'கூறப்படுகிறது' எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அடைப்புக்குள் சொன்னவர் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் எழுத முடியாத இடத்தில் வாக்கியத்தையே எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் முயன்று பாருங்கள். காப்பி பாதியாகச் சுருங்கிவிடும். மீதிப் பாதிக்காக நாலு பேருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

தற்கொலைச் செய்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. அதற்கென்றே ஒரு முழு நாள் வகுப்பு. 1980களில் வியன்னா சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகியபோது, பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படத்தோடும் விவரத்தோடும் பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தன. 1987இல் தற்கொலைத் தடுப்பு வல்லுநர்கள் ஊடகங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தார்கள். பத்திரிகைகள் அடக்கி வாசிக்கத் தொடங்கியதும் சுரங்க ரயில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2000இல் ஊடகத்தினருக்கென்று தனியாக ஒரு கையேடு வெளியிட்டது. எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம், இடத்தைப் பிரபலப்படுத்த வேண்டாம், ஒரே காரணத்தின் தலையில் கட்டாதே, உதவி கிடைக்கும் இடத்தைப் போடு. அதுவரை எழுத்தால் ஒரு உயிர் போகலாம் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று வகுப்பு முடிந்து யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

இன்னொரு பாடமும் தமிழில் எழுதுபவருக்கானது, எங்கள் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இல்லாதது. ஒரு நாள் சார் பழைய செய்தித்தாள்கள் ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டு, யாருக்கெல்லாம் 'அவர்', யாருக்கெல்லாம் 'அவன்' என்று எண்ணச் சொன்னார். எண்ணினோம். கோடிக்கணக்கில் மோசடி செய்ததாக வழக்கு உள்ளவர் 'கைது செய்யப்பட்டார்'. சைக்கிள் திருடியதாக வழக்கு உள்ளவர் 'பிடிபட்டான்'. இரண்டு பேர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. விகுதியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம். கொலையான பெண்ணுக்கு 'அழகி' என்று தலைப்பு, அவரைக் கொன்றதாகச் சொல்லப்படுபவருக்கு 'காதலன்'. அன்றிலிருந்து, பத்து வயதுக் குழந்தையைத் தவிர யாரானாலும் எனக்கு 'ஆர்' விகுதிதான். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் பல வருடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பாதிக்குப் பாதி ஜெயித்திருக்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் பீட், அதாவது யார் எந்தத் துறைச் செய்தியைப் பார்ப்பது என்று, பிரித்துக் கொடுத்தார்கள். சினிமா, விளையாட்டு கேட்டுக் கூட்டம் அலைமோதியது. எனக்கு விழுந்தது நகராட்சி. முதல் கூட்டம் மூன்று மணி நேரம். ஒரு பூங்காவுக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு தரப்பும் மேசையைத் தட்டிச் சண்டை. நல்ல தீனி என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டுபோனேன்.

"சண்டை எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம் சார்."

"மத்த தீர்மானமெல்லாம்?"

"கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சேர்த்து ஒரே மூச்சுல நிறைவேத்திட்டாங்க."

"அப்ப செய்தி அந்த அஞ்சு நிமிஷத்துலதான் இருக்கு. அஜெண்டாப் புத்தகத்தை வாங்கிட்டு வா."

அஜெண்டா 74 பக்கம். சின்ன எழுத்து, 'மேற்படி பொருள் குறித்து' மொழி. இரண்டு நாள் கண்ணைக் கசக்கிப் படித்தேன். 62ஆவது பொருள், தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருடம் நீட்டிப்பது. அதில் ஒரு சொல் இடித்தது: 'நான்காவது முறையாக'. அப்படியானால் டெண்டர் எப்போது விட்டார்கள்? பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கப் பதிவறைக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் முதல் நாள் 'நாளைக்கு வாங்க' என்றார். நாளைக்குப் போனேன். மறுநாளும் போனேன். நாலாவது நாள், 'படிக்கிற பொண்ணு, என்னத்தைப் பண்ணிடப் போற' என்று கட்டுகளை எடுத்துப் போட்டார். நான்கு வருடமாகப் போட்டியே இல்லாமல் ஒரே ஒப்பந்ததாரர். நீட்டிக்கச் சொல்லப்பட்ட காரணமும் நான்கு முறையும் எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம்.

எழுதிவிட்டேன். ஓரத்தில் சிவப்பு மை: அதிகாரி என்ன சொன்னார்? ஒப்பந்ததாரர் என்ன சொன்னார்? ஒப்பந்ததாரரிடம் பேச எனக்குப் பயம். சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போனைப் போடு என்றார். பெயர், துறை, என்ன எழுதப்போகிறேன், அதில் உங்களைப் பற்றி என்ன வருகிறது, உங்கள் பதில் என்ன, எத்தனை மணிக்குள் வேண்டும். இதைத் தாளில் எழுதிவைத்துப் படித்தேன், குரல் நடுங்கியது. அந்த மனிதர் கத்தவில்லை. நிதானமாகப் பேசினார். தனக்கு இரண்டு வருடமாகப் பாக்கி வரவில்லை, டெண்டர் விடச் சொல்லித் தானே இரண்டு முறை கடிதம் கொடுத்திருப்பதாகச் சொல்லி அந்த நகல்களையும் அனுப்பினார். நான் எழுதிவைத்திருந்த கதையே தலைகீழானது. வில்லன் என்று நான் தீர்மானித்திருந்தவர் பாதிக்கப்பட்டவர் வரிசையில் வந்து நின்றார். அந்தப் போன் போடாமல் அச்சுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

முந்நூறு சொல்லில் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. சில மாதம் கழித்து டெண்டர் விட்டார்கள். எங்கள் செய்தியால்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். யார் சொன்னது?

அதே பீட்டில்தான் எண்ணிலும் அடிவாங்கினேன். ஒரு வரி 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்தது. '3 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு. உயர்ந்தது 3 சதவீதப் புள்ளி. வரி கட்டுபவர் கையிலிருந்து போவது முன்பைவிட 60 சதவீதம் அதிகம். வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் கணக்குப் போட்டு அனுப்பினார். செய்தியாளர்களுக்குக் கணக்கு வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கெட்ட பழக்கம் நம் தொழிலில் உண்டு. எனக்கு அன்றோடு போயிற்று.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது.

கட்டட வேலையில் சாரம் சரிந்து ஒரு பையன் இறந்துபோனான். பத்தொன்பது வயது. (இங்கே 'ன்' போடுகிறேன், என் தம்பி வயது என்பதால்.) வீட்டுக்குப் போய்ப் பேசி எழுத வேண்டும். துக்க வீட்டுக்கு எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேமராவைப் பைக்குள் வை. குறிப்பேட்டை உடனே எடுக்காதே. முதலில் யாரென்று சொல், பேச விருப்பமா என்று கேள், வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடு. 'எப்படி உணர்கிறீர்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதே. 'அவரைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அக்கா பேசினார். தம்பி ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவான் என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே திருகாணிகள், அளவுவாரியாக, மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு டப்பா மேலும் பேனாவில் எண். நல்ல செய்தியாக வந்தது. சார் முதல் தடவையாகச் சிவப்பு மை தொடாமல் அனுப்பினார்.

வெளிவந்த மறுநாள் துறைக்குப் போன் வந்தது. அந்த அக்காதான்.

"நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா பேரைத் தப்பாப் போட்டுட்டீங்க. 'ள' வரணும், 'ல' போட்டிருக்கீங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவன் பேரு பேப்பர்ல வர்றது இது ஒரு தடவைதானே."

காதால் கேட்டு எழுதியிருந்தேன். கேட்டுச் சரிபார்க்கவில்லை. துக்க வீட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வது நாகரிகமில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளியில் பெயரைத் தப்பாக எழுதினால் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபெயில், அதற்கு 'மெடில் எஃப்' என்றே பெயர் என்று வகுப்பில் கேட்டு, இது என்ன அராஜகம் என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

திருத்தம் எழுதும் வேலையையும் சார் என்னிடமே கொடுத்தார். அது தனிக் கலை. 'தவறுதலாக', 'அச்சுப்பிழையால்' எல்லாம் கூடாது. அச்சு ஒரு தப்பும் செய்யவில்லை. எந்த இதழில், எந்தப் பக்கத்தில், எது தவறு, எது சரி, வருந்துகிறோம். செய்தி வந்த அதே பக்கத்தில். நாலு வரி. அந்த நாலு வரிக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வாங்கி, செய்தி வந்த பக்கத்தோடு சேர்த்து மடித்து, திருகாணிப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் கடைசியில் குறிப்பேட்டையும் பேனாவையும் நீட்டி, பெயரை அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்வேன். தலைப்பெழுத்து, வயது, ஊரும் அவர்களே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் என்றால் உரக்கப் படித்துக் காட்டி, பக்கத்திலிருப்பவரிடமும் கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. துக்க வீட்டிலும்கூட. பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று ஒருவர் மெனக்கெடுவது அவர்களுக்கு மரியாதையாகத்தான் படுகிறது.

பேட்டி பற்றி இன்னும் சில. ஒலிப்பதிவுக் கருவி இருந்தாலும் கையால் குறிப்பெடுங்கள். கருவி என்றாவது ஒருநாள் துரோகம் செய்யும், எனக்கு இரண்டு முறை செய்தது. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதில் ஐந்து வரை எண்ணுங்கள். முக்கியமானது பெரும்பாலும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வரும். 'இது உங்களுக்குள்ளே இருக்கட்டும்' என்பதை அவர் பேசுவதற்கு முன்னால் கேட்டு, நீங்களும் ஒத்துக்கொண்டிருந்தால்தான் அது ஒப்பந்தம். பேசிமுடித்துவிட்டுச் சொன்னால் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் இது அமைச்சருக்கும் அதிகாரிக்கும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நிருபரிடம் பேசுகிறவருக்கு இந்த விதியைக் காட்டிச் சட்டம் பேசுவது அயோக்கியத்தனம்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் அந்த இரண்டாவது போன் பற்றிப் பேசும்போதெல்லாம் சார் எடுத்துப் போடுவது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை விவகாரம். 2014 நவம்பரில் அந்தப் பத்திரிகை, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்ததாக ஒரு பாலியல் வன்முறைக் கட்டுரையை வெளியிட்டது. சில வாரங்களில் அது ஆட்டங்கண்டது. பத்திரிகை கேட்டுக்கொண்டதால் கொலம்பியா இதழியல் பள்ளியே விசாரித்து, 2015 ஏப்ரலில் நீண்ட அறிக்கை தந்தது. பெரிய சதியெல்லாம் வெளியே வரவில்லை. அன்றிரவு அந்தப் பெண்ணைச் சந்தித்ததாகக் கட்டுரையில் வரும் மூன்று நண்பர்களிடம் நிருபர் பேசவேயில்லை. பேசியிருந்தால் அங்கேயே பல்லிளித்திருக்கும். ஆசிரியர்கள் கேட்டிருக்கலாம், அவர்களும் விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்டவரைச் சந்தேகிப்பதா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நானும் அந்தப் பக்கம் நின்று பேசினேன். சரிபார்ப்பது சந்தேகமில்லை, நாளைக்கு அவரை நாலு பேர் சந்தேகிக்கும்போது நிற்பதற்கான ஊன்றுகோல் என்று எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது.

துறையில் சொல்லித்தராததும் நிறைய. மூன்று பத்தி எழுதுவதற்குள் நான்கு பேர் அதையே வெளியிட்டுவிடும் வேகம் எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கள் டெட்லைன் வாரத்துக்கு ஒன்று. விளம்பரப் பிரிவிலிருந்து 'அந்தச் செய்தி இன்னிக்கே வரணுமா' என்று சிரித்துக்கொண்டே வரும் போனை எப்படி எடுப்பது என்று எந்தத் தாளிலும் இல்லை. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே அந்தப் போன் வந்தது. செய்தி போகவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. சம்பளம் எவ்வளவு குறைவாக இருக்கும் என்பதையாவது யாராவது நேராகச் சொல்லியிருக்கலாம். மூத்த நிருபர் ஒருவர், "காலேஜ்ல படிச்சதையெல்லாம் வாசல்லயே கழட்டி வச்சிட்டு வா" என்று முதல் நாளே சொன்னார். மற்றவற்றில் அவரிடம் கற்றுக்கொண்டது அதிகம். இதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஆக, படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கண்டிப்பாகப் படித்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த மிக நல்ல நிருபர்களில் இரண்டு பேர் வேதியியல் படித்தவர்கள். தப்பு செய்து, அந்தத் தப்பை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைக்கும் இடம் அலுவலகம் இல்லை, அது பள்ளியில்தான் கிடைக்கும். அதற்காக மட்டும் போகலாம். போவதென்றால் கட்டடத்தையும் ஸ்டுடியோ கேமராவையும் பார்த்துச் சேராதீர்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது டெட்லைனுக்கு ஓடியவர்கள் என்று விசாரியுங்கள். மாணவர்கள் நடத்தும் இதழோ தளமோ இருக்கிறதா, அதை வளாகத்துக்கு வெளியே யாராவது படிக்கிறார்களா என்று பாருங்கள். துறைத்தலைவர் கலந்துகொண்ட விழாச் செய்திகள் மட்டும் நிரம்பியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

போன வருடம் என்னிடம் ஒரு தம்பி யோசனை கேட்டான். மேற்சொன்னதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: அவர்களின் கடைசி ஒரு வருட இதழ்களைக் கேட்டு வாங்கி, திருத்தம் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப்பார். இரண்டு இடத்துக்குப் போய்விட்டு வந்தான்.

"முதல் இடத்துல ஒண்ணுகூட இல்லக்கா. நாங்க தப்பே விடுறதில்லைன்னாங்க."

"ரெண்டாவது இடத்துல?"

"பதினொண்ணு இருந்துச்சு. அதுல ஒண்ணு, போன திருத்தத்துக்கே திருத்தம்."

ரெண்டாவதில் போய்ச் சேர் என்றேன்.